நடுவுல நிக்கிறது நான்தான்

பாருங்க தம்பி, தாராளமாப் பாருங்க. நீங்க ஓரக்கண்ணால பாக்கிறதைச் செங்கல்பட்டுலருந்து கவனிச்சுட்டுத்தான் வர்றேன். கேட்டாத் தர மாட்டேனா? ஓவியக் கண்காட்சிப் புஸ்தகம் இது. நடுவுல ரெண்டு பக்கத்துக்கும் சேத்து ஒரே படம் போட்டிருக்கான் பாருங்க, அது என் வீட்டுக்காரி வரைஞ்சது. ஆயில் பெயிண்ட். புஸ்தகத்துல சின்னதாத் தெரியுது, நேர்ல ரெட்டைக் கதவு அகலம் இருக்கும். செண்பகம்னு பேரு. கோவில்பட்டியில பொம்பளைப் பிள்ளைங்க ஸ்கூல்ல டிராயிங் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ.

படத்துல நடுவுல, கதவுல ஒரு ஆள் நிக்கிறார் பாருங்க. அது நான்தான்.

தெரியலையா? யாருக்கும் தெரியல. அதான் தம்பி என் குறையே. இடுப்பு ஒடிய ஒடிய நின்னது நான். முகத்தைக் கருப்பா அடிச்சு விட்டுட்டா. சரி, அதையாவது விட்டு வச்சாளான்னு கேளுங்க. அதைத்தான் சொல்ல வர்றேன். தண்ணி குடிச்சுக்கிறேன், இருங்க.

இந்தப் படத்தைப் பாத்தா உங்களுக்கு என்ன தோணுது? வீட்டுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி நிக்குது. கூரை இருக்கு, கூரைக்குக் கீழயே மேகமும் போகுது. மீனெல்லாம் தண்ணியில இல்ல, அந்தரத்துல தொங்குது, சீரியல் பல்பு மாதிரி. தண்ணியில ஒரு படகு. அதுல மூணு பொம்பளைங்க. ஒண்ணு ரெட்டைச் சடை போட்ட பிள்ளை. ஒண்ணு கஞ்சி போட்ட சேலையில வயசுப் பொண்ணு. ஒண்ணு தலை நரைச்சவ. மூணு பேருக்கும் ஒரே மூக்கு. அது செண்பகத்தோட மூக்குதான். எனக்குத் தெரியல, ஹமீதா சொல்லித்தான் தெரிஞ்சது. ஹமீதான்னா செண்பகத்துக்கிட்டப் படிச்ச பிள்ளை, இப்ப மெட்ராஸ்ல ஓவியக் கல்லூரியில சொல்லிக் கொடுக்குறா. இந்தக் கண்காட்சியை நடத்துறதே அவதான்.

கனவு மாதிரி இருக்குங்கிறாங்க எல்லாரும். உருவகம்ங்கிறாங்க. ஒண்ணைக் காட்டி இன்னொண்ணைச் சொல்றதாம். எனக்கு அதெல்லாம் வேணாம் தம்பி. எனக்கு வெளிச்சம் தெரியும். சும்மா சொல்லல. சினிமா தியேட்டர்ல மேனேஜரா இருந்து நரைச்சவன் நான். மேட்னி ஓடும்போது எவனாவது கதவைத் திறந்துட்டான்னு வைங்க, போச்சு. வெளி வெயில் உள்ள வந்து திரையில பாதியை வெளுக்க வச்சுரும். ஜனம் கத்தும். கதவைச் சாத்துறதுதான் தம்பி என் உத்தியோகமே. வெளிச்சத்தை எங்க விடணும், எங்க விடக் கூடாதுன்னு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம்.

தியேட்டரை இடிச்சு கல்யாண மண்டபம் ஆக்கிட்டாங்க. நான் வீட்டுக்கு வந்துட்டேன். வீட்டுலயும் அப்படித்தான் வச்சிருப்பேன். ஹால் ஜன்னலுக்குக் கெட்டித் துணியில திரை தச்சுப் போட்டிருக்கேன். டிவி பாக்கும்போது கண்ணாடியில வெளிச்சம் அடிச்சா என்னத்தைப் பாக்கிறது?

அவ ரிட்டயர் ஆகி, தை பிறந்து கொஞ்ச நாள்ல, மதுரையிலருந்து ஒரு வண்டி வந்து நின்னுச்சு. மரச்சட்டத்துல இழுத்துக் கட்டின பெரிய துணி. அத்தோட ஒரு பெட்டி நிறைய டியூப் டியூப்பா வர்ணம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. அவளே பணம் கட்டி வரவழைச்சிருக்கா. "என்ன செண்பகம் இது?"ன்னேன்.

"ஒரு பெரிய படம் போடணும்ங்க. ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருக்கேன்"னா.

"போடேன். யார் வேணாம்னா?"

நான் எதையும் வேணாம்னு சொல்ற ஆள் இல்ல தம்பி. கல்யாணமான புதுசுல அவ ஆயில் பெயிண்ட் போட ஆரம்பிச்சா. அப்பவும் நான் வேணாம்னு சொல்லல. வாடை வருதுன்னு சொன்னேன். அது வேற. அவளா நிறுத்திட்டா. அப்புறம் ஸ்கூல்ல ஆண்டு விழாவுக்கு மலை, சூரியன், தென்னை மரம்னு சீன் துணி எழுதுவா. மேப் போட்டுக் கொடுப்பா. சாக்பீஸும் போஸ்டர் கலருமா காலம் ஓடுச்சு. ஒரு நாள் ஒரு குறை சொன்னதில்ல.

"ஹால்ல வச்சுப் போடட்டுமா? ஜன்னல் வடக்குப் பாத்து இருக்கு. திரையை எடுத்துட்டா நாள் பூரா வெளிச்சம் மாறாம வரும்"னு கேட்டா.

"டிவி?"ன்னேன். அவ்வளவுதான் கேட்டேன்.

அவ பின்கட்டுல சாமான் போட்டு வச்சிருந்த ரூமைக் காலி பண்ணி அங்க கொண்டு போயிட்டா. அந்த ரூமுக்கு ஜன்னல் கிடையாது. கொல்லைப்பக்கம் போற கதவு ஒண்ணுதான். அதைத் திறந்து வச்சா வெளிச்சம். சாத்துனா இருட்டு. அங்கதான் இந்தப் படம் பூரா வரைஞ்சா.

முதல்ல கரியில கோடு போட்டா. வீடு, தண்ணி, படகு. அப்புறம் எண்ணெயில குழைச்சுக் குழைச்சுப் பூசுவா. காயவே காயாது தம்பி அது, நாள்கணக்காகும். காயறதுக்குள்ள வேணாம்னா சுரண்டிருவா. காஞ்ச பிறகு அதுக்கு மேலயே இன்னொண்ணு போட்டுருவா. எனக்குப் பொறுமையே இருக்காது. மாசி பூரா இப்படியே போச்சு. படம் என்னமோ சரியா வரல. கதவு வரைஞ்சிருந்தா, கதவுக்கு அந்தப் பக்கம் மஞ்சளா வெளிச்சம் வச்சிருந்தா. ஆனா வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒண்ணு போல விழுந்து சப்புன்னு கிடந்துச்சு. காலண்டர் படம் மாதிரி. அவளே சொன்னா, "கண்ணு எங்க போய் நிக்கணும்னு தெரியாம அலையுதுங்க"ன்னு. தூக்கம் இல்லாம முகமெல்லாம் வீங்கிப் போச்சு. காபிகூட நேரத்துக்கு வராது.

காலையில நான் கொல்லையில வேப்ப மரத்தடியில பேப்பர் படிப்பேன். காபி வேணும்னா எந்திரிச்சுப் போய் அந்தக் கதவுல நின்னு கேப்பேன். அவளுக்கும் சௌகரியம், தூரிகையை வச்சுட்டு எந்திரிச்சு வந்து போட்டுத் தருவா. ஒரு நாள் அப்படி நின்னு கேட்டேன். ரெண்டு கையாலயும் நிலையைப் பிடிச்சுக்கிட்டு, "காபி என்னாச்சு?"ன்னேன். அவ எந்திரிக்கல. என்னையே பாக்குறா. கண்ணைச் சுருக்கிட்டுப் பாக்குறா. அப்படி அவ என்னைப் பாத்து எவ்வளவோ காலம் ஆச்சு, எனக்கே கூச்சமாப் போச்சு.

"அப்படியே நில்லுங்க"ன்னா. "நகராதீங்க. கையை எடுக்காதீங்க."

அன்னைக்கு நின்னவன்தான். பங்குனி முழுக்க நின்னேன். வெயில் முதுகுல சுடும். தோள்பட்டை இத்துப் போகும். ஆனா சும்மா சொல்லக் கூடாது, நான் நின்ன பிறகுதான் அது படமாச்சு. அதை ஹமீதாவே ஒத்துக்கிட்டா. கதவுல ஆள் நின்னதும் அந்த மஞ்சள் வெளிச்சத்துக்கு ஒரு விளிம்பு கிடைச்சிருச்சு. என் தோளைச் சுத்தி, காதைச் சுத்தி, விரல் இடுக்குல எல்லாம் தீப்பிடிச்ச மாதிரி வெளிச்சம் வழியுது பாருங்க. உள்ள தண்ணி கறுத்துப் போச்சு. அலைஞ்ச கண்ணு நேரா என்கிட்ட வந்து நின்னுருச்சு. துடுப்பைப் பாருங்க, நுனி என் பக்கம். படகு கட்டின கயிறு, என் பக்கம். மீனெல்லாம் எந்தத் திசையில நீந்துது? என்னைப் பாத்துத்தான். ஒவ்வொரு கோடா அழிச்சு அழிச்சு என்கிட்ட வர்ற மாதிரி மாத்திப் போட்டா. ஒரு மனுசனுக்கு இதைவிட என்ன மரியாதை வேணும்?

என் நிழல் தண்ணி மேல நீளமா வந்து படகையே மூடியிருக்கு பாருங்க. அந்த மூணு பொம்பளைங்களும் அந்த நிழலுக்குள்ளதான் உக்காந்திருக்காங்க. குடும்பத் தலைவன்னா அப்படித்தானே? நிழல் கொடுக்கிறவன்.

முகம் மட்டும்தான் எனக்கு மனத்தாங்கல். "கண்ணு மூக்கு போடேன் செண்பகம்"னேன்.

"பின்னாலருந்து வெளிச்சம் வந்தா முகம் தெரியாதுங்க."

"அப்ப முன்னாலருந்து வெளிச்சத்தைப் போடு."

"எங்கருந்துங்க போடுறது? கதவு ஒண்ணுதானே இருக்கு"ன்னா. குரலை உயர்த்தவே இல்ல. அவ என்னைக்கும் குரலை உயர்த்துனது கிடையாது.

சித்திரை லீவுல ஹமீதா வந்தா. பின்கட்டுக்குப் போய்ப் படத்தை ஒரு ஓரத்துலருந்து மறு ஓரம் வரைக்கும் பாத்தா. அப்புறம், "டீச்சர், இது எவ்வளவு காலமா உங்களுக்குள்ள இருந்துச்சு?"ன்னு கேட்டா. செண்பகம் கண்ணுலருந்து பொலபொலன்னு தண்ணி. வர்ணம் கரைக்கிற அந்த டர்பன்டைன் நெடி அப்படித்தான் தம்பி, கண்ணைக் கரிக்கும். நான்தான் ஃபேனைப் போட்டு விட்டேன்.

விழுப்புரம் வந்துருச்சா? டீ சொல்றேன், ரெண்டு பேரும் குடிப்போம். நீங்க சும்மா இருங்க, நான் கொடுக்கிறேன்.

ஹமீதா படத்தை லாரியில ஏத்தி மெட்ராஸுக்குக் கொண்டு போனா. புரட்டாசியில பொம்பளைங்க வரைஞ்ச படமா வச்சு ஒரு கண்காட்சி, அதுல இதுக்குத்தான் பெரிய சுவர்னு சொன்னா. கூடவே செண்பகமும் கிளம்புனா. படம் அடிபடாமப் போய்ச் சேந்துச்சான்னு பாத்துட்டு ஒரு வாரத்துல வந்துருவேன்னா. வைகாசி போச்சு. ஆனி போச்சு. போன் பண்ணா, "படத்துல கொஞ்சம் வேலை பாக்கி இருக்குங்க"ங்கிறா.

"முடிஞ்ச படத்துல என்ன பாக்கி?"

"இங்க தள்ளி நின்னு பாக்க இடம் இருக்கு. பாத்தாத்தான் தெரியுது"ன்னா.

எனக்கு அது புரியல, புரிஞ்சு என்ன ஆகப் போகுது. மெஸ் சாப்பாடு ஒத்துக்கல, வயிறு கெட்டுப் போச்சு. நானே காபி போட்டேன், நல்லாவே இல்ல. ஹால்ல டிவி ஓடும், நான் பாட்டுக்கு உக்காந்திருப்பேன். ஒரு ஆள் வீட்டுல இருந்தா சத்தம் கேக்கும்னு நினைச்சிருப்பீங்க. அவ இருந்தப்பவும் சத்தம் கிடையாது. ஆனா இப்ப இருந்த அமைதி அந்த அமைதி இல்ல. என்னமோ போங்க.

சினேகிதக்காரங்கக்கிட்ட எல்லாம் சொல்லி வச்சிருந்தேன், மெட்ராஸ்ல பெரிய கண்காட்சி, படத்துல நடுவுல நிக்கிறது நான்தான்னு. தாம்பரத்துல இருக்கிற என் சித்தப்பா மகனைக் குடும்பத்தோட வரச் சொல்லிட்டேன். புது வேட்டி சட்டை எடுத்தேன். திறப்பு விழாவுக்கு முந்தாநாள் ஹமீதா இந்தப் புஸ்தகத்தைத் தபால்ல அனுப்பியிருந்தா. ரெண்டு பக்கத்துக்கு என் படம். ரயில்ல வர்ற வழியெல்லாம் பாத்துட்டே வந்தேன்.

நேத்து சாயங்காலம் திறப்பு விழா. பெரிய ஹால், நல்ல கூட்டம். கடைசிச் சுவர்ல நம்ம படம். மேலருந்து ரெண்டு விளக்கு அது மேல மட்டும் விழுது. தூரத்துல பாக்கும்போதே எனக்கு என்னமோ மாதிரி ஆச்சு. கிட்டப் போறேன், போறேன், கதவு இருக்கு. கதவுல ஆள் இல்ல.

ஆள் இல்ல தம்பி. வெறும் கதவு.

அந்த மஞ்சள் வெளிச்சம் தங்கு தடையில்லாம உள்ள வந்து தண்ணி மேல நீளமா ஒரு பாதை போட்டிருக்கு. கறுத்துக் கிடந்த தண்ணி பச்சையும் பொன்னுமா மின்னுது. படகுல உக்காந்த மூணு பேர் மேலயும் வெளிச்சம். சின்னப் பிள்ளையோட ரிப்பன்கூட சிவப்புன்னு இப்பத்தான் தெரியுது. துடுப்பும் கயிறும் மீனும் முன்ன மாதிரியேதான் கதவைக் காட்டுது, ஆனா அங்க நான் இல்ல, வெளி இருக்கு. முன்ன படகு கட்டிப் போட்ட மாதிரி நின்னுச்சு. இப்பப் பாத்தா அது கிளம்புது. ஒரு இடத்தைக்கூட மாத்தல, அதே கோடுதான். ஒரு ஆளை எடுத்ததுக்கே படகு நகருது. எப்படிச் செஞ்சான்னு எனக்குத் தெரியல.

நான் கிட்டப் போயிட்டேன். என் உருவம் அடியில எங்கயாவது தெரியுதான்னு மூக்கு உரச நின்னு பாக்கிறேன். பின்னாலருந்து ஒரு பொண்ணு, "சார், கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? உங்க நிழல் படத்து மேல விழுது"ன்னா. எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்.

"எங்க நான்? என்னை எங்க?"ன்னு கத்திட்டேன். ஹாலே திரும்பிப் பாக்குது. சித்தப்பா மகன் செல்போனை எடுத்துப் பாக்கிற மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டான். ஹமீதா ஓடி வந்து, "சார், புஸ்தகம் முன்னாடியே அச்சுக்குப் போயிருச்சு சார், டீச்சர் அதுக்கப்புறம்தான் மாத்தினாங்க"ங்கிறா. அதுவா என் கேள்வி?

செண்பகம் வந்தா. கூட்டத்துக்கு நடுவுல என் கையைப் பிடிச்சா. அவ அப்படியெல்லாம் பிடிக்கிற ஆளே கிடையாது. பிடிச்சு நாலடி பின்னால இழுத்து நிறுத்தி, "அங்க பாருங்க"ன்னு வலது ஓரத்தைக் காட்டுனா.

ஓரத்துல, படகோட வால் பக்கம், ஒரு ஆள் உக்காந்திருக்கார். கால் தண்ணியில. கதவைப் பாத்துத் திரும்பியிருக்கார். பாதி முதுகு சட்டத்துக்கு வெளிய போயிருச்சு. ஆனா முகம் முழுக்க இருக்கு. வெளிச்சம் நேரா முகத்துல விழுது. என் முகம் தம்பி. என் மச்சம், என் வழுக்கை, கண்ணுக்குக் கீழ தொங்குற சதை. எல்லாம் இருக்கு.

நடுவுல நின்ன ஆளைக் கொண்டு போய் ஓரத்துல உக்கார வச்சுட்டா. உங்களுக்கு நியாயமாப் படுதா?

ஒரு பெஞ்ச் இருந்துச்சு, உக்காந்தோம். "ஏன் மாத்துன?"ன்னு கேட்டேன்.

"பின்கட்டுல தள்ளி நின்னு பாக்க இடமில்லங்க. இங்க வந்து தூரத்துலருந்து பாத்தேன். அந்த ஆளுக்கு வெளிச்சம் முதுகுலதான் விழுது. அந்த வெளிச்சத்தை அவரும் பாக்கல. பாவமா இருந்துச்சு"ன்னா.

பாவமாம். என்னைப் பாத்து.

"ஏன் என் முகத்தை இவ்வளவு அசந்து போன மாதிரி போட்டிருக்க? நான் இப்படியா இருக்கேன்?"

"இருக்கீங்க."

"எப்பப் பாத்த?"

"தினமும் பாப்பேன். டிவி முன்னால கண்ணசந்துருவீங்கல்ல, அப்ப."

 ஒருத்தி தினமும் என் முகத்தைப் பாத்திருக்கா, எனக்கே தெரியாது. அப்ப ஒரு சின்னப் பிள்ளை, யாரோட பிள்ளையோ, படத்தைப் பாத்துட்டு என்னைப் பாத்துச்சு. "அம்மா, இந்தத் தாத்தாதான் அது"ன்னு கத்துச்சு. மொத மொதல்ல என்னை அடையாளம் கண்டுபிடிச்சது அதுதான்.  சந்தோஷமான்னா சொல்லத் தெரியல. அசதி. ராத்திரி பூரா சிரிச்ச மாதிரியும் அழுத மாதிரியும் ஒரு அசதி.

"சரி, கிளம்பு, ஊருக்குப் போவோம்"னு இன்னைக்குக் காலையில சொன்னேன்.

"நான் இன்னொரு படம் ஆரம்பிச்சிருக்கேங்க. முடிச்சுட்டுத்தான் வருவேன்."

"எப்ப முடியும்?"

"தெரியல"ன்னா. "நீங்க வேணும்னா இங்க வந்து இருங்க. ஹமீதா வீட்டு மாடியில இடம் இருக்கு. ஆனா காபி நீங்கதான் போடணும்." சிரிச்சுக்கிட்டே சொன்னாளா, நிஜமாச் சொன்னாளான்னு தெரியல. நான் யோசிச்சுச் சொல்றேன்னுட்டு வந்துட்டேன். வீடு பூட்டிக் கிடக்கு, இல்லையா? அதை யார் பாக்கிறது?

எழும்பூருக்கு வழியனுப்ப வந்தா. வண்டி கிளம்புற வரைக்கும் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. மாத்திரையைச் சொன்னா, தண்ணி பாட்டிலைச் சொன்னா. வண்டி நகரும்போது ரெண்டு மூணு எட்டு கூடவே நடந்து வந்தா.

தாம்பரம் தாண்டினதும் சும்மா கண்ணை மூடி நினைச்சுப் பாத்தேன் தம்பி, அவ முகம் எப்படி இருந்துச்சுன்னு. இந்த மாதிரி அசந்து இருந்துச்சா, தெளிஞ்சு இருந்துச்சா, அழுதாளா என்னன்னு. வரல. சேலை ஞாபகம் இருக்கு, ஊதாக் கலர். கம்பியைப் பிடிச்ச விரல்ல வர்ணம் ஒட்டியிருந்துச்சு, அது ஞாபகம் இருக்கு. முகம் வர மாட்டேங்குது.

ஸ்டேஷன்ல அவ்வளவு கூட்டம் தம்பி. அந்தக் கூட்டத்துல யார் முகம்தான் ஞாபகம் இருக்கும், சொல்லுங்க.